முன்னால் இருந்தவர் அடித்த ஆணி

பழைய கடிகாரம் ஒன்று கைக்கு வந்தால் எனக்குப் போனில் படம் அனுப்புகிறீர்கள். முகப்பு தெரிகிறது. பெண்டுலம் தெரிகிறது. பெட்டியில் செதுக்கிய பூ தெரிகிறது. சுவர் தெரிவதில்லை. எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டால், “எங்கயாவது மாட்டிக்கலாம் பாய்” என்கிறீர்கள்.

எங்கேயாவது என்று ஒரு இடம் கிடையாது.

நெய்வேலி நகரியத்தில் கடிகார ரிப்பேர் கடை வைத்திருந்தேன். முழங்கால் ஏணி ஏற மறுத்ததும் விட்டுவிட்டேன். படிப்பு கொஞ்சம்தான். எழுதிப் பழக்கமும் இல்லை. தொழிலுக்குப் புதிதாக வந்த நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். சக்கரம், வில், எண்ணெய் இதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். அதை எழுதப் போவதில்லை.

கடிகாரத்தைப் பார்ப்பது பற்றி இரண்டு வார்த்தை. பளபளப்பைப் பார்க்காதீர்கள். பளபளப்பு நேற்று வந்தது. சாவி போடும் துளையைச் சுற்றி முகப்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் ஒரு வீடு அதற்கு வருஷக்கணக்காகச் சாவி கொடுத்திருக்கிறது. உள்ளே பின்தகட்டைப் பாருங்கள். முன்பு ரிப்பேர் செய்தவர்கள் ஊசியால் கீறி அடையாளம் வைத்திருப்பார்கள். அதை அழிக்காதீர்கள். முகப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் இருக்கட்டும். புது முகப்பு ஒட்டினால் அது பழைய கடிகாரம் இல்லை. பழைய பெட்டி, அவ்வளவுதான்.

மாட்டுவது பற்றி ஒரு வார்த்தை. மட்டம் வைத்துப் பார்த்து நேராக மாட்டுகிறீர்கள். மூன்றாம் நாள் நின்றுவிடுகிறது. கண்ணுக்கு நேர் வேறு, காதுக்கு நேர் வேறு. டிக் என்பதற்கும் டாக் என்பதற்கும் நடுவில் இடைவெளி ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஒரு பக்கம் நொண்டினால் பெட்டியைக் கீழே பிடித்து மெல்ல நகர்த்துங்கள். சத்தம் சரியாகும் இடத்தில் பெட்டி கோணலாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். கடிகாரத்துக்குத் தெரியும்.

நம் ஊரில் கடிகாரம் நின்றால், மைன்ஸில் வெடி வைத்தார்கள், அதனால் நின்றுவிட்டது என்பார்கள். நான் மாட்டிய கடிகாரம் எதுவும் வெடிக்கு நின்றதில்லை. வெடியின் மேல் பழி போடுவது சுலபம். ஆணியைப் பாருங்கள்.

ஆணி பற்றித்தான் சொல்ல வந்தேன்.

குவார்ட்டர்ஸில் ஒருவர் ரிட்டயர் ஆகிப் போவார். இன்னொருவர் வருவார். போகிறவர் ஃபேனைக் கழற்றுவார். திரைத்துணிக் கம்பியைக் கழற்றுவார். ஆணியை மட்டும் விட்டுப் போவார். வருகிறவர் சாமான் இறக்கிய அன்றைக்கே, ஆணி இருக்கிற இடமெல்லாம் படம், காலண்டர், கண்ணாடி என்று மாட்டிவிடுவார். புதிதாக ஒன்று அடிக்க மனம் வராது. காலி செய்யும்போது சுவரைப் பார்ப்பார்களே என்ற நினைப்பு. முன்னால் இருந்தவர் இத்தனை வருஷம் மாட்டியிருந்தாரே என்று ஒரு நம்பிக்கை. சொந்த வீட்டுக்காரன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். குவார்ட்டர்ஸ்காரன்தான் செய்வான்.

ஒரு ரிக்கர் இருந்தார். கிரேன் தூக்கும் பாரத்துக்குக் கொக்கி மாட்டி, கீழே நின்று சைகை காட்டுகிற வேலை. கம்மாபுரம் பக்கம் ஊர். சர்வீஸ் முடியப் போகிற நேரத்தில் கொஞ்சம் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்து மாறியிருந்தார். மனைவி, மகன், மருமகள். மருமகள் முழுகாமல் இருந்தாள்.

புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது அங்கே போய் ஒரு கடிகாரம் வாங்கி வந்தார். ஜெர்மன் சாமான். தோளிலிருந்து விரல் நுனி வரை உயரம். மணி அடித்தால் கோயில் மணியும் இல்லை, பள்ளிக்கூட மணியும் இல்லை, நடுவில் ஒரு சத்தம். அதைத் துணியால் துடைக்கக்கூட என்னைக் கேட்டுத்தான் துடைப்பார். மருமகளுக்கு வளைகாப்பு வருவதற்குள் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஓட வைத்தேன்.

மாட்டப் போனேன். ஹாலில் நான்கு சுவரையும் விரலால் தட்டிப் பார்த்தேன். சமையலறைக்குப் போகிற வழியில் பக்கச் சுவர் நன்றாகப் பேசியது. செங்கல் நேராக இருந்தது. அதோடு அந்தச் சுவரடியில் நாற்காலி போட முடியாது, பாய் விரிக்க முடியாது. அதையே எடுத்துக்கொண்டேன்.

ரிக்கருக்குத் திருப்தி இல்லை. “இம்மாம் பெரிய கடியாரத்த அடுப்பங்கரைப் பக்கம் மாட்டுறியே பாய். வர்றவன் பாக்க வேணாமா?”

“மணி அடிச்சா திரும்பிப் பாப்பான்.”

துளை போட்டுத் திருகாணி முறுக்கினேன். ஏணியில் நின்று கடிகாரத்தைத் தூக்கினேன். அவர் கீழே நின்று கையால் சைகை காட்ட ஆரம்பித்தார். கட்டை விரல் மேலே. கொஞ்சம் இடது. பிறகு முஷ்டியை மூடித் தலைக்கு மேல் தூக்கினார்.

“அது என்னா?”

“அசையாத, அப்டியே புடின்னு அர்த்தம். பாரம் ஆபத்துல இருக்குன்னா காட்டுறது.”

“வாயத் தொறந்து சொன்னா ஆவாதா?”

“மைன்ஸ்ல வாயத் தொறந்தா எவனுக்குக் கேக்கும்? கையப் பாரு பாய்.”

அவர் மனைவி சமையலறையிலிருந்து சொன்னார். “எனக்கும் இதான் பாய். சோறு போதும்னா முஷ்டியக் காட்டுவாரு. நான் என்னா கிரேனா?”

ரிக்கர் முஷ்டியைக் கீழே இறக்கவில்லை. நான் மாட்டி முடித்தேன். காதுக்குச் சரி செய்தேன். நல்ல நடை. கிளம்பிவிட்டேன்.

வளைகாப்பு அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். வளைகாப்பு பெண்கள் காரியம். ஹால் நிறையப் பெண்கள். ஆண்கள் வெளியே வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வாசலை மிதித்ததுமே எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. கடிகாரச் சத்தம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹாலின் நடுச்சுவரில் கடிகாரம். அதற்கு நேர் கீழே நாற்காலி. நாற்காலியில் மருமகள், பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. கன்னத்தில் சந்தனம்.

ரிக்கரைத் தனியாகக் கூப்பிட்டேன். “கடியாரம் எப்டி அங்க போச்சு?”

“வீடியோக்காரரு சொன்னாரு பாய். பொண்ணு பின்னாடி கடியாரம் தெரிஞ்சா ஜம்முனு இருக்கும்னாரு. நேத்து சாயந்தரம் நானே மாத்திட்டேன்.”

“ஆணி?”

“அங்கியே இருந்திச்சி. முன்னாடி இருந்தவரு அடிச்சது. புடிச்சித் தொங்கிப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்திச்சி.”

இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவர் பாரம் தூக்குவதிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். இரும்புக் கொக்கியைப் பார்த்தால் அதன் வயது சொல்வார். ஆனால் அது மைன்ஸ். இது வீடு. வீட்டில் யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த ஆணியின் மேல் ஒவ்வொரு முறை பெயின்ட் அடிக்கும்போதும் ஒரு பூச்சு ஏறியிருந்தது. சுவரிலேயே முளைத்த மாதிரி இருந்தது. ஆணி இறுகுவதற்காகச் சுவருக்குள் பதித்த மரக்கட்டை எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. ஒரு இழுப்புக்கு நிற்கிற ஆணி ஒரு ராத்திரிக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது.

“இப்பவே எறக்கிடலாம்” என்றேன்.

அவர் மனைவி வாசலில் தாம்பாளத்தோடு நின்றிருந்தார். காதில் விழுந்துவிட்டது. “நல்ல காரியம் நடக்கறப்ப எறக்காதீங்க பாய். ஓடுற கடியாரம் நின்னா நல்லதுக்கில்ல. எங்க வூட்ல சாவுக்குத்தான் கடியாரத்த நிறுத்துவாங்க.”

“புள்ள அதுங்கீழ உக்காந்திருக்கு தங்கச்சி.”

“இன்னும் செத்த நேரந்தான். முடிஞ்சதும் நீங்களே எறக்கிக்குங்க.”

ரிக்கர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “முடியட்டும் பாய்” என்றார். உள்ளே ஏதோ எடுத்து வைக்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

நான் தோற்றுப்போனேன். அவர்கள் வீடு, அவர்கள் காரியம். அதிலும் நான் அந்நிய ஆண், பெண்கள் கூட்டத்துக்குள் நுழைய முடியாது. இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். சொன்னேன், கேட்கவில்லை, இனி அவர்கள் பாடு என்று நகர்ந்துவிடத் தோன்றும். நகராதீர்கள். பேச்சில் தோற்றால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய் நில்லுங்கள்.

நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாரோ கையில் தட்டு கொடுத்தார்கள். புளிசாதம், தேங்காய்சாதம். மடியில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே பேச்சு, சிரிப்பு. ஒருத்தி மருமகளைக் கேட்டாள். “பையனா பொண்ணா, எது வேணும் சொல்லு.” “எது வந்தாலும் உங்கள மாதிரி வாயாடியா வேணாம்க்கா” என்றாள் மருமகள். கூட்டம் சிரித்து அடங்கியது. அந்த அடங்கின நேரத்தில்தான் கேட்டது.

கரக். கரக்.

பெண்டுலம் கண்ணாடிக் கதவில் உரசுகிற சத்தம். கடிகாரத்தின் தலை சுவரை விட்டு முன்னால் சாய்கிறது என்று அர்த்தம். பெட்டி சாயும், பெண்டுலம் மட்டும் தன் போக்கில் நேராகத் தொங்கும், அதனால் கண்ணாடியைத் தொடும். ஆணி வளைகிறது அல்லது கழன்று வருகிறது. மருமகளின் மல்லிகைச் சரத்தின் மேல் பொடி மாதிரி மண் கிடந்தது. பக்கத்தில் நின்ற பெண் அதை ஏதோ தூசி என்று நினைத்துத் தட்டிவிட்டாள்.

கத்தலாம். கத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். நாற்காலியின் முதுகு சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. அவள் பதறித் துள்ளினால் நாற்காலி சுவரில் இடிக்கும். அந்த ஒரு இடி போதும். தரையில் பன்னீர் சிந்தியிருந்தது. சுற்றி இத்தனை பேர். ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. நான் உள்ளே ஓடினாலும் அதே கதைதான். எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

பயம் வேகமாகப் பரவும். கடிகாரம் விழுவதை விட வேகமாக.

ரிக்கர் ஹாலின் அந்தக் கோடியில் பழத்தட்டோடு நின்றிருந்தார். நான் எழுந்து ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் இந்தப் பக்கம் திரும்புகிற வரை காத்திருந்தேன். திரும்பினார். முஷ்டியை மூடித் தலைக்கு மேல் தூக்கினேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. நான் காட்டாமலே கண் கடிகாரத்துக்குப் போனது.

தட்டைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்தார். ஓடவில்லை. “வழி வுடுங்கம்மா, வழி வுடுங்க” என்று சாதாரணமாக நடந்து போனார். மருமகளுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கிக் கடிகாரத்தின் அடியில் கொடுத்தார். பாரத்தை வாங்கிக்கொண்டார்.

பெண்கள் விடுவார்களா.

“மாமனாரு மருமவளுக்குக் கொடை புடிக்கிறாருடி.”

“வளையல் போடுற எடத்துல ஆம்பளைக்கு என்னா வேல?”

“வீடியோவுல நானும் வரணும்ல” என்றார் ரிக்கர். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

கடிகாரம் கையில். ஆள் இன்னும் அடியில். அவர் தூக்கி எடுக்கவும் முடியாது, பின்னால் நகரவும் முடியாது. அவர் காலடியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பெண்ணை எழுப்ப வேண்டும். அதற்கு ரிக்கரும் ஆகமாட்டார், நானும் ஆகமாட்டேன். அவர் மனைவி ஜன்னல் பக்கமாக வந்தார். கம்பி வழியாகச் சொன்னேன்.

“தங்கச்சி, கத்தாம கேளு. ஆணி கழண்டு வருது. ரிக்கரு தாங்கிகினு நிக்கிறாரு. புள்ளைய மெல்ல எழுப்பி வாசலுக்குக் கூட்டிகினு வா. நாற்காலி செவுத்துல இடிக்கக் கூடாது.”

அவர் திரும்பிக் கணவரின் கையைப் பார்த்தார். சற்று முன் இறக்காதே என்று சொன்னவர் அவர்தான். வளையல் பாதியில் பெண்ணை எழுப்பக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“புள்ளைக்கு வேர்த்து ஊத்துது” என்றார் சத்தமாக. “வெளிய காத்தாட உக்காரட்டும். மீதி வளையல அங்க போட்டுக்கலாம்.”

“பாதில எழுப்பறியே, ஆவுமா?” என்றார் ஒரு வயதான பெண்.

“எம் மருமவ. நான் எழுப்பறேன்.”

ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை மருமகளிடம் நீட்டினார். மருமகள் அதைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். நிதானமாக. நாற்காலி அசையவில்லை. சேலைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு, வளையல் குலுங்க வாசலுக்கு நடந்து வந்தாள். பின்னாலேயே பெண்களும் வந்தார்கள். ஹால் காலியானது.

நான் உள்ளே போனேன். பெண்டுலத்தைக் கழற்றாமல் கடிகாரத்தை நகர்த்தாதீர்கள் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அன்றைக்கு நான் கழற்றவில்லை. கழற்ற நேரம் இல்லை. இரண்டு பேரும் சேர்த்துப் பிடித்து இறக்கினோம். ஆணி தானாகவே கூட வந்தது. கட்டையைக் கரையான் தின்று மண்ணாக்கி வைத்திருந்தது. அந்த மண் ரிக்கர் முகத்தில் கொட்டியது. துடைக்கவில்லை.

பெண்டுலம் தொங்குகிற மெல்லிய தகடு மடங்கிவிட்டது. கடிகாரம் நின்றுவிட்டது. தகடு மாற்றிக்கொள்ளலாம். விதி எல்லாம் நம் சாமானைக் காப்பாற்றத்தான். ஆள் நடுவில் வந்தால் விதியை ஓரமாக வையுங்கள்.

காரியம் வாசலில் நல்லபடியாக முடிந்தது. வேப்பமர நிழலில் மீதி வளையல் போட்டார்கள். ஆரத்தி எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் மனைவி உள்ளே வந்தார். கட்டிலில் கிடந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“நின்னுடுச்சா பாய்?”

“நின்னுடுச்சி.”

நானே நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் கட்டிலிலிருந்து ஒரு போர்வையை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு சொன்னார். “எடுத்துகினு போயிடுங்க. புள்ள நல்லபடியா பெத்து வரட்டும். அதுவரிக்கும் இது இங்க வேணாம்.”

கடிகாரத்துக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் வீட்டில் இருக்கும்போது தெரிவது உதவாது. போர்வையில் சுற்றினோம். ஆட்டோ வரை ரிக்கரே தூக்கி வந்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

தகடு மாற்றிக் கடைச் சுவரில் ஓடவிட்டேன். ரிக்கர் ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் வந்து நிற்பார்.

“ஓடுதா பாய்?”

“ஓடுது.”

“வூட்ல ஒண்ணும் கேக்க முடியல. கடியாரம்னு சொன்னாலே மொறைக்கிறா.”

டீ குடித்துவிட்டுப் போவார். பிரசவ நாள் நெருங்க நெருங்க அவர் கடிகாரத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார். பயம் அவருக்கும் இருந்தது. தன் கையால் மாட்டியது அல்லவா. நானும் ஆறுதல் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகப் போகிறது.

பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் நலம். ரிக்கர் போனில் சொன்னார்.

சில மாதம் கழித்து மருமகள் தாய்வீட்டிலிருந்து வந்தாள். வந்த வாரமே கடைக்கு ஆள் வந்தது. கடிகாரத்தைக் கொண்டுவந்து மாட்டச் சொல்லி. நான் நம்பவில்லை. போனேன்.

“இவதான் பாய் கேட்டா” என்றார் ரிக்கரின் மனைவி. “கடியாரம் எங்க அத்தை, கொண்டாந்து மாட்டுங்கன்னு. எனக்கென்னா, அவளே கேக்கறப்ப.”

மருமகள் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். “அன்னிக்கு நீங்க ஜன்னல்ல நின்னுகினு கையத் தூக்கினீங்களே பாய், பாத்தேன்” என்றாள்.

“பாத்தியா?”

“அதுக்கு முன்னாடியே தலைக்கு மேல கரகரன்னு கேட்டுகினு இருந்திச்சி. கழுத்துல மண்ணு வுழுந்திச்சி. நாற்காலி செவுத்துல முட்டிகினு இருக்கு, ஆடினா வந்துடும்னு தோணிச்சி. அதான் ஆடாம இருந்தேன்.”

“பக்கத்துல இருந்தவங்க கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா எல்லாம் எந்திரிச்சிருப்பாங்க. மாமா வந்து கையக் குடுத்தாரு. அப்பறம் அத்தை கை நீட்டினாங்க. எந்திரிச்சேன்.”

ரிக்கர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி மருமகளை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அவளைக் காப்பாற்றினோம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். வாயாடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அத்தனை நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். எங்களில் யார் பதறியிருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். அவள் பதறியிருந்தால் எங்களுக்கு வேலையே இருந்திருக்காது.

நான் ஏணியை எடுத்தேன். சமையலறைப் பக்கத்துச் சுவர். தட்டிப் பார்த்தேன். கடிகாரத்தைத் தூக்கும் முன்னால் அவளைப் பார்த்து, பிள்ளையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கச் சொன்னேன்.

“நீங்க மாட்டுனா பயமில்ல பாய்” என்றாள்.

“நான் மாட்டுனாலும் வெளிய நில்லும்மா” என்றேன்.